புவிச்சரிதவியல் பணியகம்: வாகரை மணலுக்கும் அம்பாறை நில அதிர்வுமானிக்கும் ஒரே கந்தோரா?

கிழக்கு மாகாணச் செய்திகளில் ஓர் அலுவலகத்தின் பெயர் மூன்று விதமாக அடிபடுகிறது. வாகரையிலோ கதிரவெளியிலோ திருக்கோவிலிலோ இல்மனைட் என்ற கறுப்புக் கனிய மணலை அகழ்வதற்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினால், "புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அனுமதி கொடுத்துவிட்டது" என்று ஒரு வரி வரும். மணல் ஏற்றிய டிப்பரைப் பொலிஸார் பிடித்தால், பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றினார்கள் என்று வரும். வங்கக் கடலில் எங்கோ நிலம் அதிர்ந்தால், பயப்பட ஒன்றுமில்லை என்று அதே பணியகம் அறிவிக்கும்.

சரி, இது விஞ்ஞானிகளின் அலுவலகமா, பெர்மிட் கொடுக்கும் கந்தோரா? இரண்டும்தான். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். ஒரு செய்தியில் இந்தப் பணியகம் எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், அந்தச் செய்தியில் பாதி விளங்கிவிடும்.

அரசாங்கம் ஏன் பாறையைப் படிக்கிறது?

நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தனியார் ஒருவர் தேடினால், தனக்கு இலாபம் தரும் இடத்தை மட்டுமே தேடுவார். கண்டதை ஊருக்குச் சொல்லவும் மாட்டார். நாடு முழுவதையும் ஒரே முறையில் அளந்து, எவரும் பார்க்கக்கூடியதாக வரைந்து வைப்பது அரசாங்கத்தின் வேலையாக வந்தது இதனால்தான். பிரித்தானியா 1835இல் தொடங்கியது. இந்தியாவின் புவியியல் ஆய்வு நிறுவனம் 1851இல் வந்தது, முதல் வேலை நிலக்கரி தேடுவது. அமெரிக்கா 1879இல் தொடங்கியது. எந்த நாட்டில் என்றாலும் இத்தகைய நிறுவனம் செய்யும் அடிப்படை வேலைகள் இவை:

1. நிலவரைபடம். சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு நடந்து, வெளியே தெரியும் பாறை ஒவ்வொன்றும் என்ன வகை, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று குறித்து, இடையில் மண் மூடிய பகுதியை ஊகித்து வரைவது.
2. மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிப்பது.
3. ஒரு கனியம் எவ்வளவு, எந்த ஆழம் வரை இருக்கிறது என்று மதிப்பிடுவது.
4. நில அதிர்வு போன்ற ஆபத்துகளைக் கண்காணிப்பது.
5. இவ்வளவு தரவையும் அழியாமல் சேர்த்து வைப்பது. யாரும் பேசாத வேலை இதுதான், ஆனால் 50 வருடத்துக்கு முன் போட்ட ஒரு துளையின் குறிப்பு கையில் இருந்தால் இன்றைக்கு அதே இடத்தைத் திரும்பத் துளைக்க வேண்டியதில்லை.

முதலாவது வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. இலங்கையின் புவிச்சரிதவியல் வரைபடங்கள் 1:100,000 என்ற அளவில் வந்திருக்கின்றன. தாளில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் ஒரு கிலோமீற்றர். அந்த வரைபடத்தில் உங்கள் ஊரின் மேல் ஒரு நிறம் பூசியிருந்தால், உங்கள் வளவுக்குள் அந்தப் பாறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் அதுதான் என்று மட்டுமே அர்த்தம். "வரைபடத்தில் எங்கள் ஊர் இருக்கிறதாம், தோண்டப் போகிறார்கள்" என்று கிளம்பும் கதைகளில் பல இந்த அளவுகோலைப் பார்க்காததால் வருபவை.

1903இல் தொடங்கிய கதை

இலங்கையில் கனிய அளவை அலுவலகத்துக்கு 1903இல் முதல் பணிப்பாளராக வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாறு எழுதியவராகவே நமக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் அவர் பாறை படித்தவர். லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்ததும் இலங்கைப் புவிச்சரிதவியல் ஆய்வுக்குத்தான். 1904இல் உலகுக்கு அறிமுகமான தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் இந்த மண்ணில் அவர் கண்டெடுத்தது.

நீண்ட காலம் திணைக்களமாக இருந்த இந்த அளவை அலுவலகம், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தால் 1993இல் பணியகமானது. பெயரில் "சுரங்கம்" சேர்ந்தது அப்போதுதான், அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அதிகாரமும் சேர்ந்தது. அந்தச் சட்டத்தில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று, கனியம் அரசுக்குச் சொந்தம் என்பது. காணி உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம். வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம். வளவில் அள்ளிய மணலை டிப்பரில் ஏற்றி விற்கப் போனால் மட்டும் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள்.

நம் காலடியில் என்ன இருக்கிறது?

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் விஜயன் தொகுதி எனப்படும் கிழக்குப் பகுதியின் மேல் இருக்கின்றன. சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் நசுங்கி வெந்த பாறை இது. குடும்பிமலையும் தாந்தாமலையும் அதன் வெளியே தெரியும் முதுகுகள்.

கருங்கல் குவாரியில் புதிதாக உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தால் இந்தச் சரித்திரம் கண்ணுக்குத் தெரியும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரிவரியாக ஓடும். நைஸ் என்ற பாறையின் அடையாளம் அந்த வரிதான். வெளிர் வரியில் குவாட்ஸும் பெல்ஸ்பாரும், கறுப்பு வரியில் ஹோர்ன்பிளெண்ட், பயோடைட் போன்றவை. அவற்றுக்கிடையே கண்ணுக்குப் படாத அளவில் இல்மனைட், சிர்கோன் மணிகளும் உண்டு. வெயிலிலும் மழையிலும் இந்தக் கல் உக்கும்போது பெல்ஸ்பார் களியாகிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களில் காலில் ஒட்டும் மண்ணில் அது நிறைய உண்டு. குவாட்ஸ் உக்காது. அதுதான் ஆற்று மணல். பாரமான கறுப்பு மணிகளும் உக்காமல் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன.

கடல் அவற்றைத் திருப்பித் தருகிறது. குவாட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டின் அடர்த்தி 4.7 அளவு. மாரியில் பெரிய அலை கரையேறித் திரும்பும்போது, சுளகில் புடைத்தால் பதர் போய் நெல் தங்குவதுபோல, பாரமில்லாத வெள்ளை மணல் இழுபட்டுப் போகக் கறுப்பு மணல் கரையில் தங்குகிறது. வாடை ஓய்ந்த பிறகு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக் கடற்கரையில் நடந்தால் அந்தக் கறுப்புப் பட்டையைக் காணலாம். ஒரு காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அதன்மேல் ஓட்டினால் சில மணிகள் உடனே துள்ளி ஒட்டும், அது பெரும்பாலும் மக்னடைட். இல்மனைட்டை இழுக்க இன்னும் பலமான காந்தம் வேண்டும். கனிய மணல் ஆலையில் நடப்பதும் இந்தப் பிரிப்புத்தான், பெரிய அளவில்.

இல்மனைட் என்பது இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதிலிருந்து எடுக்கும் தைத்தானியம் ஈரொட்சைட்டுத்தான் வெள்ளைப் பெயின்ற், தாள், பற்பசை எல்லாவற்றுக்கும் வெண்மை தருவது. கூடவே வரும் சிர்கோன் ஓடு, பீங்கான் தொழிலுக்குப் போகிறது. மொனசைட் என்ற கனிமமும் சிறிதளவு இருக்கும், அதில் தோரியம் உண்டு. "மணலில் கதிரியக்கம்" என்ற பேச்சு வருவது இதனால்தான். கடற்கரையில் கிடக்கும் மணலில் அது ஐதாகவே இருக்கிறது. கவனம் வேண்டியது, பிரித்தெடுத்த பிறகு மொனசைட் ஓரிடத்தில் செறிந்து குவியும்போதும், அந்தக் குவியலின் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கும்.

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை மணல் உலகளவில் செறிவு கூடிய படிவுகளில் ஒன்று. நம் கரையில் அந்தச் செறிவு கிடையாது. ஆகவே அதே அளவு இல்மனைட்டை எடுக்க இங்கே அதிக மணலைப் புரட்ட வேண்டியிருக்கும். விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் கணக்கு இது.

மகாஓயா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே எரிமலை இல்லை, வரப் போவதும் இல்லை. விஜயன் தொகுதியும் மத்திய மலைநாட்டுத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய வெடிப்புகளில் மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வருகிறது. கன்னியாவும் அதே வகைதான்.

நில அதிர்வு: அளப்பவர் ஒருவர், அறிவிப்பவர் வேறொருவர்

பணியகத்தின் நில அதிர்வு நிலையங்கள் பல்லேகலை, மகாகனதராவ, ஹக்மன, அப்புறம் அம்பாறை நகருக்குப் பக்கத்தில் உள்ள புத்தங்கல ஆகிய இடங்களில் இருக்கின்றன. இத்தகைய நிலையத்துக்குக் கெட்டிப் பாறையும் அமைதியும் வேண்டும். கல்லடியில் வைத்தால் கடலலையும் பஸ்ஸுமே பதிவாகும்.

இலங்கை பூமித் தட்டின் விளிம்பில் இல்லை, நடுப்பகுதியில் இருக்கிறது. பெரிய அதிர்வுகள் அடிக்கடி வராதது அதனால்தான். ஆனால் சுமாத்திராவுக்கு அப்பால் தட்டு விளிம்பு இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை ஏழு மணிக்குச் சற்று முன் அங்கே 9.1 அளவில் நிலம் உடைந்தது. அந்த அதிர்வு பாறை வழியாக 1,600 கிலோமீற்றர் கடந்து இங்கே வரச் சுமார் நான்கு நிமிடம் போதும். பல்லேகலை நிலையம் அன்றே இயங்கியது, பதிவும் செய்தது. அலை கிழக்குக் கரைக்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருவி இருந்தது. அது சொன்னதைக் கல்முனை வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஒழுங்கு இருக்கவில்லை.

அந்த ஒழுங்கு 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு வந்தது. இப்போது வேலை இப்படிப் பிரிந்திருக்கிறது:

1. அதிர்வு எங்கே, எவ்வளவு என்று பணியகம் பார்க்கிறது.
2. சுனாமி பற்றிய சர்வதேசத் தகவல் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வருகிறது.
3. கரையை விட்டு வெளியேறுங்கள் என்ற அறிவித்தலை அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஊருக்குக் கொண்டுபோகிறது. அதன் அவசர இலக்கம் 117.

அளவு பெரிதென்றால் அலையும் பெரிது என்றில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதே கடலில் 8.6 அளவில் அதிர்ந்தது. இங்கேயும் கரையோரம் முழுவதும் ஆட்கள் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. 2004இல் கடலடி மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. 2012இல் பாறைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன, தண்ணீரை அதிகம் தள்ளவில்லை. அந்த வித்தியாசம் முதல் சில நிமிடங்களில் தெரியாது. ஆகவே ஓடியவர்கள் செய்தது சரிதான். இன்ன நாளில் நிலநடுக்கம் வரும் என்று வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு எதையும் நம்பத் தேவையில்லை, அப்படி முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் எந்த நிறுவனத்திடமும் இல்லை.

"அனுமதி கொடுத்துவிட்டார்கள்" என்றால் எந்த அனுமதி?

பணியகத்தின் மற்ற வேலைக்கு வருவோம். அனுமதிப்பத்திரம் ஒரு வகையல்ல. சர்ச்சைகளில் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன.

1. ஆய்வு அனுமதிப்பத்திரம். குறிப்பிட்ட பரப்பில் தேடிப் பார்க்க மட்டும். கையால் திருகும் துளைக்கருவியை மணலில் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் மாதிரி எடுத்துப் பையில் கட்டிக் கொண்டுபோவார்கள். இதை வைத்து அகழ்ந்து விற்க முடியாது. ஆனால் இதைக் கையில் வைத்திருப்பவர்தான் அடுத்த கட்டத்துக்கு முதலில் விண்ணப்பிப்பார் என்பதால், ஊர் இந்தக் கட்டத்திலேயே கேள்வி கேட்பதில் தப்பில்லை.
2. கைத்தொழில் சுரங்க அனுமதிப்பத்திரம். அகழ்வதற்கான உரிமை இதுதான். அளவையும் இயந்திரத்தையும் பொறுத்து ஏ, பி, சி என்று வகை உண்டு. எங்கே, எவ்வளவு, எந்த ஆழம், எந்தக் கருவி என்ற நிபந்தனைகள் இதில்தான் எழுதப்படும்.
3. கொண்டு செல்லும் அனுமதிப்பத்திரம். டிப்பர் சாரதி கையில் இருக்க வேண்டியது. வீதியில் பிடிபடுவது அதிகமாக இது இல்லாததால்.
4. வியாபாரத்துக்கும் ஏற்றுமதிக்கும் தனித்தனி.

இரண்டாவதை எடுத்துவிட்டாலும் வேலை தொடங்கிவிடாது. கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அரச காணி என்றால் பிரதேச செயலாளர், காடு என்றால் வனவளத் திணைக்களம், குளம், ஆறு என்றால் நீர்ப்பாசனம். ஒரு திணைக்களம் "ஆம்" என்றதைத் திட்டத்துக்கே "ஆம்" என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்ப்பவர்களும் சரி, ஆதரிப்பவர்களும் சரி, இந்தச் சுருக்கத்தைத் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்துகிறார்கள்.

மணலை எடுத்தால் கிணறு ஏன் உவர்க்கிறது?

காத்தான்குடியிலிருந்து களுவாஞ்சிக்குடி தாண்டிப் போகும் நிலம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரை விடச் சற்றுப் பாரம் குறைந்தது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பழைய ஒரு விதி. ஒடுங்கிய மணல்திட்டில் அவ்வளவு தடிப்பு கிடைக்காது, ஆனால் விகிதத்தின் போக்கு அதுதான். மேலே ஒரு முழம் குறைந்தால் அடியில் பல முழம் போய்விடும்.

அகழ்வில் கறுப்பு மணிகளைப் பிரித்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பப் போடுவோம் என்று நிறுவனங்கள் சொல்வது வழக்கம். பெரும்பகுதி மணல் திரும்பி வரும் என்பது உண்மைதான். கேட்க வேண்டியது வேறு. மேடு பழைய உயரத்துக்கு வருமா, மேட்டைப் பிடித்து வைத்திருந்த அடம்பனும் தாழையும் எத்தனை மாரிக்குள் திரும்ப முளைக்கும், அதற்குள் ஒரு பெரிய அலை வந்தால் என்ன நடக்கும்? 2004இல் கலையாத மணல்மேடு இருந்த கரைகளில் அலை அடங்கிப் போனதைப் பல இடங்களில் பார்த்தார்கள்.

ஆற்று மணலிலும் இதே கதைதான். வெள்ளம் கொண்டுவருவதை விட அதிகமாக எடுத்தால் ஆற்றின் படுக்கை தாழும், பக்கத்துக் கிணற்று நீர் அதனோடு இறங்கும், முகத்துவாரம் வழியாக உப்பு உள்ளே ஏறும், கரை இடியும். இங்கே ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. வியாபாரம் கியூபில் நடக்கிறது, ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஆவணத்தில் கன மீற்றர் போட்டிருந்தால், 1,000 கன மீற்றர் என்பது 353 கியூப் அளவு. ஊரில் ஒருவர் எண்ணிக்கை வைத்து முறைப்பாடு செய்வதென்றால் இந்த மாற்றீட்டைச் செய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலை

அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அதிகாரம் இல்லை, அது அளந்து அறிக்கை எழுதும், அவ்வளவுதான். இந்தியாவிலும் ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்று, குத்தகை கொடுப்பது மாநில அரசு. இலங்கையில் தேடுவது, அனுமதிப்பது, கண்காணிப்பது, ரோயல்ட்டி (எடுக்கும் கனியத்துக்கு அரசுக்குச் செலுத்தும் கட்டணம்) அறவிடுவது எல்லாம் ஒரே பணியகம். சிறிய நாடு, புவிச்சரிதவியலாளர்கள் குறைவு, பாறை தெரிந்தவரே குவாரியையும் பார்க்கட்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அகழ்வால் வருமானம் பெறும் அலுவலகமே அகழ்வுக்கு எதிரான தரவையும் வெளியிட வேண்டியிருக்கும் ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியவில்லை. அங்கே இருக்கும் ஆட்கள் நேர்மையாக இருந்தாலும் ஊர் நம்பாது. வாகரையில் நடப்பது பாதி இந்த நம்பிக்கைப் பிரச்சினைதான்.

இரத்தினக்கல்லுக்குத் தனி அதிகாரசபை, மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், குழாய்க் கிணற்றுக்கு நீர்வளச் சபை. அவற்றின் குறைகளை இந்தப் பணியகத்தின் வாசலில் போட்டுப் பயனில்லை.

உங்கள் ஊரில் ஒரு திட்டம் பேசப்பட்டால், கேட்க வேண்டியவை:

1. கொடுத்தது ஆய்வு அனுமதியா, அகழ்வு அனுமதியா? எந்தத் திகதி வரை?
2. எல்லை எங்கே? 300 மீற்றர் வலயத்துக்குள் எவ்வளவு விழுகிறது?
3. எத்தனை மீற்றர் ஆழம்? அந்த இடத்தில் மாரியிலும் கோடையிலும் கிணற்று நீர்மட்டம் எங்கே நிற்கிறது?
4. நிலத்தைத் திரும்பச் சீராக்க எவ்வளவு பணம் பிணை வைக்கப்பட்டிருக்கிறது?

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு, தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அறிக்கை தடிப்பாக இருக்கும். நிலக்கீழ் நீர் அத்தியாயத்தை முதலில் பார்ப்பது நல்லது, அளவீடு எந்த மாதத்தில் எடுத்தது என்பதை அதில் தேடுங்கள். மாரி முடிந்த கையோடு மட்டும் எடுத்திருந்தால் அந்த நீர்மட்டத்தை வைத்து ஆவணி மாதத்துக் கிணற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைப் பக்கத்தைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பணியகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் போடலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும்.